எபோலாவை நிறுத்தியது எது? 2014-ல் லைபீரியாவும் பக்கத்து நாடுகளும் பட்ட பாடு

2014 ஆகஸ்ட் கடைசியில், லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு நடத்திய எல்வா 3 என்ற எபோலா முகாமின் கேட் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் திறந்தது. முந்தின இரவு உள்ளே எத்தனை பேர் இறந்தார்களோ அத்தனை படுக்கை காலி, அத்தனை பேரைக் காலையில் உள்ளே எடுப்பார்கள், அப்புறம் கேட்டை மூடிவிடுவார்கள். டாக்ஸியில் வந்த மற்றவர்கள் அதே டாக்ஸியில் வேறு இடம் தேடி ஊரெல்லாம் சுற்றி, எங்கேயும் இடமில்லை என்று வீட்டுக்கே திரும்பினார்கள். டாக்ஸி சீட்டிலும் நோய் ஒட்டிக்கொண்டது, வீட்டிலும் பரவியது.

அதற்கடுத்த ஆறேழு மாதத்தில் நிலைமை தலைகீழ். அமெரிக்க ராணுவம் லைபீரியாவில் 11 சிகிச்சை மையங்களைக் கட்டி முடித்திருந்தது. அத்தனையிலும் சேர்த்துச் சிகிச்சை பெற்ற எபோலா நோயாளிகள் 28 பேர். ஒன்பது மையங்களுக்குள் ஒரு எபோலா நோயாளிகூட வரவில்லை.

அப்படியென்றால் நோயை நிறுத்தியது எது? படுக்கையே தேவைப்படவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆகஸ்டில் அந்த கேட்டுக்கு வெளியே நின்றவர்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் டாக்டரும் ஆஸ்பத்திரியும் இல்லாத ஊரில் ஒரு கொள்ளைநோயின் போக்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடப்பதுதான். குறிப்பாக இரண்டு விஷயம்: நோயாளிக்கு வீட்டில் யார் பணிவிடை செய்கிறார்கள், இறந்தவரை யார் குளிப்பாட்டுகிறார்கள்.

முதலில் அந்த நாடுகளின் நிலைமையைப் பார்ப்போம். கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றும் மேற்கு ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து இருப்பவை. லைபீரியாவில் 1989-ல் ஆரம்பித்த உள்நாட்டுப் போர் நடுவில் சில ஆண்டு இடைவெளி விட்டு 2003 வரை இழுத்தது, சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை. படித்த டாக்டர்கள் பலர் போரில் நாட்டைவிட்டுப் போனவர்கள், திரும்பவில்லை. எபோலா வந்தபோது லைபீரியாவில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு இருந்த டாக்டர்கள் சுமார் 50 பேர். மூன்று நாடுகளையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு லட்சம் பேருக்கு ஒன்றோ இரண்டோ டாக்டர்தான். பல ஆஸ்பத்திரிகளில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, கையுறையை நோயாளியின் குடும்பமே காசு கொடுத்து வாங்கிவர வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில் ஆஸ்பத்திரி இருப்பதே சில சமயம் ஆபத்தாகிவிடும், இது எபோலாவின் முதல் கதையிலேயே தெரிந்த விஷயம். 1976-ல் அப்போது ஜயீர் என்று அழைக்கப்பட்ட காங்கோவில், யாம்புகு என்ற ஊரின் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரே ஊசியைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் பலருக்கும் போட்டார்கள், பிரசவத்துக்கு முன் பரிசோதனைக்கு வந்த பெண்களுக்குக்கூட. 318 பேருக்கு நோய் வந்து 280 பேர் இறந்தார்கள். கடைசியில் அங்கே வேலை பார்த்தவர்களும் இறந்து ஆஸ்பத்திரியை மூடிய பிறகுதான் பரவல் அடங்கியது. 2014-லும் இதன் சாயல் இருந்தது. மூன்று நாடுகளிலும் 800-க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களுக்கு எபோலா வந்தது, 500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சியரா லியோனின் கெனெமா அரசு ஆஸ்பத்திரியில் எலிகளால் பரவும் லாசா காய்ச்சலுக்கான பிரிவை நடத்திவந்த டாக்டர் ஷேக் உமர் கான், அந்த நாட்டில் இந்த மாதிரி நோய்களில் யாருக்காவது அனுபவம் உண்டென்றால் அது அவருக்குத்தான் என்று இருந்தவர், ஜூலை 29 அன்று எபோலாவிலேயே இறந்துபோனார். ஆஸ்பத்திரிக்குப் போனால் சாவு என்று ஊர்மக்கள் பேசிக்கொண்டதை வெறும் அறியாமை என்று ஒதுக்க முடியாது, கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

எபோலா எப்படிப் பரவுகிறது என்பதைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும், பின்னால் சொல்லப்போவது எல்லாம் அதில்தான் நிற்கிறது. தட்டம்மை மாதிரியோ கோவிட் மாதிரியோ இது காற்றில் பரவுவதில்லை. நோயாளியின் வாந்தி, பேதி, ரத்தம், வியர்வை போன்றவை இன்னொருவரின் கண், வாய், கைக்காயத்தில் பட வேண்டும். காய்ச்சல் வருவதற்கு முன் அவர் யாருக்கும் தொற்றவைக்க மாட்டார். நோய் முற்ற முற்ற உடம்பில் வைரஸ் ஏறிக்கொண்டே போகும், இறந்த உடலில்தான் மிக அதிகம். ஆக, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைவிட, வாந்தியைத் துடைத்த அம்மாவுக்கும், மடியில் தலைவைத்துத் தண்ணீர் கொடுத்த மகளுக்கும், இறந்த பிறகு குளிப்பாட்டிய பெரியம்மாவுக்கும்தான் முதலில் வரும். பாசம் உள்ளவர்களைத் தேடிப் பிடிக்கும் நோய் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் இதே காரணத்தால், அந்த இரண்டு இடத்திலும் தொடுதலைத் தடுத்துவிட்டால் நோய் நின்றுபோகும். பெரிய மருந்தோ மிஷினோ அதற்குத் தேவையில்லை.

ஆரம்பம் கினியின் காட்டுப் பகுதியில், கெகெடு மாவட்டத்து மெலியாண்டு கிராமத்தில். 2013 டிசம்பரில் இறந்த இரண்டு வயதுக் குழந்தைதான் முதல் நோயாளி என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அது எபோலாதான் என்று பிரான்ஸில் லியோன் நகரத்துப் பரிசோதனைக் கூடம் உறுதி செய்தது 2014 மார்ச்சில். மூன்று மாதம் போய்விட்டது. எபோலா அதுவரை பெரும்பாலும் மத்திய ஆப்பிரிக்காவில்தான் வந்திருந்தது, மேற்கில் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. காய்ச்சல், வாந்தி, பேதி என்றால் மலேரியாவோ காலராவோ என்றுதான் நினைப்பார்கள், அங்கே லாசா காய்ச்சலும் உண்டு. போதாததற்கு அது மூன்று நாட்டு எல்லையும் சேரும் இடம். எல்லைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஒரே கிஸ்ஸி இன மக்கள், சொந்தபந்தம், சந்தை, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் போய்வருவார்கள். மே மாதத்தில் சியரா லியோனின் கைலாஹுன் பகுதியில் பேர்பெற்ற ஒரு நாட்டு வைத்தியப் பெண் எபோலாவில் இறந்து, அவர் சாவுக்கு ஊர் ஊராகக் கூட்டம் வந்து, அந்த ஒரு இறுதிச்சடங்கிலிருந்து நோய் நாட்டுக்குள் விரிந்தது. ஜூன் 21 அன்றே எல்லைகளற்ற மருத்துவர்கள் 'இது கைமீறிவிட்டது' என்று சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை அறிவித்தது ஆகஸ்ட் 8 அன்று. இந்தத் தாமதத்துக்கு அந்த நிறுவனம் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

நோய் பரவிக்கொண்டிருந்தபோது அரசுகள் முதலில் செய்தவை மூன்று, மூன்றுமே திருப்பி அடித்தன.

முதலாவது, பிரச்சாரம். 'எபோலாவுக்கு மருந்து கிடையாது, வந்தால் சாவு' என்று ரேடியோவிலும் போஸ்டரிலும் சொன்னார்கள். பயமுறுத்தினால் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்று எண்ணம். மக்கள் கேட்டது நியாயமான கேள்வி: மருந்தே இல்லையென்றால் எதற்காக முகாமுக்குப் போக வேண்டும், வீட்டிலேயே சொந்தக்காரர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாகலாமே? உண்மையில் உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டாலே, உப்பு சர்க்கரைக் கரைசலும் சலைனும் நேரத்துக்குக் கொடுத்தாலே பிழைப்பவர் எண்ணிக்கை கூடும். சீக்கிரம் வந்தால் பிழைக்க வாய்ப்புண்டு என்று சொல்லியிருக்க வேண்டும். பிறகு அப்படித்தான் மாற்றிச் சொன்னார்கள், ஆனால் பல மாதம் கழித்து.

இரண்டாவது, பலவந்தம். மன்ரோவியாவில் கடலோரமாக வெஸ்ட் பாயிண்ட் என்ற நெருக்கமான குடிசைப் பகுதி இருக்கிறது, பல பத்தாயிரம் பேர் வசிப்பது. அங்கிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், ஊர்க்காரர்களைச் சரியாகக் கலந்துபேசாமல், வேறு பகுதி நோயாளிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆகஸ்ட் 16 அன்று கூட்டம் உள்ளே புகுந்தது, நோயாளிகள் ஓடிப்போனார்கள், அவர்கள் படுத்திருந்த மெத்தைகளைக்கூடக் கூட்டம் தூக்கிக்கொண்டு போனது. நான்கு நாள் கழித்து அரசு ராணுவத்தை விட்டு அந்தப் பகுதியையே முள்கம்பி போட்டு அடைத்தது. சாப்பாட்டுச் சாமான் விலை எகிறியது, கலவரம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்ட 15 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். பத்து நாளில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். அது சரியான முடிவில்லை என்று அன்றைய அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃபே பின்னால் ஒப்புக்கொண்டார். எபோலா மாதிரி நோயில் பயந்த ஒருவர் ஒளிந்துகொண்டால் அவரைத் தேடிப்பிடிக்க எந்த ராணுவத்தாலும் முடியாது. அவராக வந்து சொன்னால்தான் உண்டு.

மூன்றாவதுதான் எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது, பிணத்தை என்ன செய்வது என்ற விஷயம். மழைக்காலத்தில் மன்ரோவியாவில் புதைக்க இடமில்லை, தோண்டிய குழியில் தண்ணீர், அக்கம்பக்கத்தார் எதிர்ப்பு. எனவே ஆகஸ்டில் தலைநகரில் இறக்கும் எல்லோரையும் எரிக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. நாட்டில் தகனமேடை என்று இருந்தது மன்ரோவியாவுக்கு வெளியே பாய்ஸ் டவுன் என்ற இடத்தில், லைபீரியாவில் வாழும் இந்தியர்கள் தங்கள் வழக்கப்படி எரிக்க வைத்திருந்தது. அதில் அடுத்த சில மாதம் இரவு பகலாக உடல்கள் எரிந்தன. நமக்கு எரிப்பது சாதாரணம். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஊர்வழி நம்பிக்கைக்காரர்களும் உள்ள லைபீரியாவில் அது இறந்தவரை இல்லாமலே ஆக்குவது. அங்கே மார்ச் மாதம் இரண்டாவது புதன்கிழமை அரசு விடுமுறை, குடும்பத்தோடு கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து வெள்ளையடித்துப் பூ வைக்கும் நாள். கல்லறையே இல்லாதவர்கள் எங்கே போவது?

விளைவு எதிர்பார்க்கக்கூடியதுதான். இறந்தவர் வேறு நோயில் இறந்தார் என்று சான்றிதழ் வாங்கக் காசு கைமாறியது, ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்தார்கள், உயிரோடு இருந்த நோயாளிகளையும் மறைத்தார்கள், முகாமில் செத்தால் எரித்துவிடுவார்களே என்று. மறைத்துப் புதைப்பது என்றால் கையுறை இல்லாமல், குளிப்பாட்டி, வழக்கப்படி. நோயைத் தடுக்கப் போட்ட உத்தரவு நோய் பரவும் வழியிலேயே மக்களைத் தள்ளியது. எரித்த வேலையைச் செய்த இளைஞர்களைச் சொந்த வீட்டிலேயே சேர்க்கவில்லை என்பதும் நடந்தது.

இதை மாற்ற யார் வந்தார்கள் என்று பார்த்தால், மானுடவியல் படித்தவர்கள், இமாம்கள், பாஸ்டர்கள், ஊர்த்தலைவர்கள். கினியில் ஒரு கர்ப்பிணி எபோலாவில் இறந்தபோது சிக்கல் வந்தது. வயிற்றில் குழந்தையோடு புதைத்தால் ஊருக்கே கேடு, குழந்தையை எடுத்துத் தனியாகப் புதைக்க வேண்டும் என்பது கிஸ்ஸி வழக்கம். எபோலாவில் இறந்த உடலை அறுப்பது அறுப்பவருக்குச் சாவு. குடும்பம் விடவில்லை. கடைசியில் ஒரு மானுடவியலாளர் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசி, இப்படிப்பட்ட மீறலுக்கு அவர்கள் மரபிலேயே பரிகாரச் சடங்கு இருப்பதைத் தெரிந்துகொண்டு, அதற்கான செலவை நிவாரணக் குழு ஏற்க, அறுக்காமலே புதைத்தார்கள். இந்த மாதிரி பேச்சுவார்த்தை ஆயிரம் கருத்தரங்குக்குச் சமம் என்பேன்.

2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் 'பாதுகாப்பான, மரியாதையான அடக்கம்' என்று ஒரு நடைமுறையை வெளியிட்டது. இந்த இரண்டாவது சொல் முதலில் இல்லாமல்தான் அத்தனை மாதம் கெட்டது. அடக்கக் குழு வீட்டுக்கு வந்ததும் கவச உடையை மாட்டிக்கொண்டு இறங்கக் கூடாது, முதலில் சாதாரண உடையில் குடும்பத்திடம் துக்கம் கேட்க வேண்டும். உடலை வைக்கும் பை கருப்பில்லாமல் வெள்ளையாக இருக்கலாம், முஸ்லிம் வீட்டில் வெள்ளைத் துணி போர்த்தலாம். இமாமோ பாஸ்டரோ தள்ளி நின்று தொழலாம், குடும்பம் குழிக்கருகே வந்து பார்க்கலாம், கல்லறையில் பெயர் இருக்கும். லைபீரியாவில் டிசம்பரில் டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் புதிய மயானம் திறந்தார்கள், எரிப்பதை நிறுத்தினார்கள். சியரா லியோனில் 117-க்கு போன் செய்தால் குழு வரும் என்ற ஏற்பாட்டை வலுப்படுத்தி, ஒரு நாளைக்குள் அடக்கம் முடியும்படி செய்தார்கள். முன்பெல்லாம் போன் செய்துவிட்டு இரண்டு மூன்று நாள் பிணத்தோடு வீட்டில் காத்திருப்பார்கள், அப்படி இருந்தால் யார்தான் தொடாமல் இருப்பார்கள்?

இதில் காசும் இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பிணம் தூக்கும் பையன்களுக்கு ஆபத்துப்படி தருவதாகச் சொல்லித் தராமல் விட்டார்கள். நவம்பரில் கெனெமாவில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து, உடல்களை ஆஸ்பத்திரி வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். வெளிநாட்டிலிருந்து கோடி கோடியாக வந்ததாக அறிவிப்பு வந்துகொண்டிருந்த நேரம் அது. கடைசி ஆளின் வாரச் சம்பளம் நேரத்துக்குப் போகவில்லையென்றால் எந்தத் திட்டமும் அந்த இடத்தில் அறுந்துவிடும்.

வீட்டுப் பணிவிடை பக்கமும் மக்களே வழி தேடினார்கள். லைபீரியாவின் ககட்டா நகரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த 22 வயதுப் பெண் ஒருவர், ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொள்ளாததால், குப்பைப் பையைக் காலிலும் தலையிலும் கட்டி, மேலே ரெயின்கோட், நான்கு ஜோடிக் கையுறை என்று போட்டுக்கொண்டு வீட்டில் நான்கு பேரைப் பார்த்துக்கொண்டார். மூன்று பேர் பிழைத்தார்கள், அவருக்குத் தொற்றவில்லை. இது எல்லோரும் செய்ய வேண்டியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த மாதங்களில் வேறு வழியில்லாத குடும்பங்கள் இருந்தது உண்மை என்பதால்தான் எல்லைகளற்ற மருத்துவர்களும் பின்னால் மன்ரோவியாவில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு வாளி, சோப்பு, குளோரின், கையுறை, முகக்கவசம் வைத்த பைகளைக் கொடுத்தார்கள். சியரா லியோனில் ஊருக்குப் பக்கத்திலேயே எட்டுப் பத்துப் படுக்கை உள்ள சின்ன மையங்கள் வந்தன. லைபீரியாவின் ஃபோயா போன்ற இடங்களில் முகாமின் வேலி வழியே குடும்பத்தார் நோயாளியைப் பார்க்கவும் பேசவும் விட்டார்கள். முகாமுக்குள் உறுப்பைத் திருடுகிறார்கள் என்று ஓடிய வதந்தி அடங்க இது போதும், ஒளிவுமறைவு இல்லையென்றால் கதை கட்ட இடம் ஏது.

லைபீரியாவில் ஆகஸ்ட், செப்டம்பரில் வாரத்துக்கு 300, 400 என்று வந்த புதிய நோயாளிகள் நவம்பரில் மளமளவென்று குறைந்தார்கள். செப்டம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் போட்ட கணக்கு, எதுவும் மாறாவிட்டால் ஜனவரிக்குள் லைபீரியாவிலும் சியரா லியோனிலும் 14 லட்சம் பேர் வரை பாதிக்கப்படலாம் என்றது. மாறியது. அமெரிக்க ராணுவத்தின் முதல் மையம் டப்மன்பர்க்கில் திறந்தது நவம்பர் 10 அன்று, அதற்குள் அலை இறங்கத் தொடங்கியிருந்தது. அவர்கள் கொண்டுவந்தவற்றில் உடனே பயன்பட்டது நடமாடும் பரிசோதனைக் கூடங்கள். நாள்கணக்கில் காத்திருந்த முடிவு மணிக்கணக்கில் வந்தது, இல்லாத நோய்க்காக எபோலா வார்டில் அடைபட்டு அங்கே நோய் வாங்குவது குறைந்தது.

நைஜீரியாவையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே இதெல்லாம் முதல் வாரத்திலேயே நடந்தது. ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து விமானத்தில் வந்த ஒருவர் லாகோஸில் மயங்கி விழுந்தார். அரசு டாக்டர்கள் அப்போது ஸ்ட்ரைக், அதனால் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டாக்டர் அமேயோ ஸ்டெல்லா அடடேவோ சந்தேகப்பட்டு, வெளியே விடச்சொல்லி வந்த அழுத்தத்தை மீறி அவரைப் பிடித்துவைத்தார். அந்த டாக்டரும் தொற்றி ஆகஸ்டில் இறந்தார். போலியோ ஒழிப்புக்காக ஏற்கெனவே இருந்த அவசர மையத்தையும் ஆட்களையும் அப்படியே எபோலாவுக்குத் திருப்பி, நோயாளிகளோடு தொடர்பில் இருந்த கிட்டத்தட்ட 900 பேரை 21 நாள் தினமும் வீடு தேடிப்போய்ப் பார்த்தார்கள். மொத்தம் 20 நோயாளிகள், 8 மரணத்தோடு நின்றது. அவ்வளவு பெரிய, நெரிசலான நகரத்தில். நைஜீரியாவிலும் ஆஸ்பத்திரி வசதி பிரமாதம் இல்லை, ஆனால் தெருத்தெருவாகப் போய்ப் பழகிய ஆட்கள் இருந்தார்கள்.

மூன்று நாடுகளிலும் கடைசிக் கணக்கு 28,600-க்கு மேற்பட்ட நோயாளிகள், 11,300-க்கு மேற்பட்ட மரணங்கள். இதில் சேராதவர்கள் வேறு. ஆஸ்பத்திரிகள் மூடியதால் மலேரியாவிலும் காசநோயிலும் எச்ஐவியிலும் கூடுதலாக இறந்தவர்கள் பத்தாயிரத்தைத் தாண்டுவார்கள் என்று ஒரு மதிப்பீடு உண்டு. பிரசவத்துக்குப் போக இடமில்லாமல் இறந்தவர்கள், தடுப்பூசி போடாமல் விட்ட குழந்தைகளுக்கு வந்த தட்டம்மை இதற்கும் வெளியே.

தடுப்பூசி வந்தது கடைசியில். கனடாவின் வின்னிபெக் ஆய்வுக்கூடத்தில் பத்து வருஷமாகக் கிடந்த ஒன்று, குரங்குகளில் வேலை செய்தும் வாங்க ஆளில்லாததால் மேலே போகவில்லை. 2015-ல் கினியில் நோயாளியைச் சுற்றி உள்ளவர்களுக்கு வளையம் போலப் போட்டுச் சோதித்து, பலன் இருப்பது உறுதியானது. சரி, இனி எபோலா எளிது என்று நினைத்தால் 2018-ல் கிழக்குக் காங்கோவின் கீவு பகுதியில் வந்தது வேறு பாடம். கையில் தடுப்பூசி, 3 லட்சம் பேருக்கு மேல் போட்டும் நோய் இரண்டு வருஷம் நீடித்தது, 2,200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆயுதக் குழுக்கள், அரசின்மேல் அவநம்பிக்கை, சிகிச்சை மையங்கள்மேல் தாக்குதல்.

2021 ஜனவரி கடைசியில் கினியின் அதே காட்டுப் பகுதியில் ஒரு நர்ஸ் இறந்தார், அவருடைய இறுதிச்சடங்குக்குப் போனவர்களுக்கு நோய் வந்தது. பிப்ரவரி 14 அன்று அரசு எபோலா என்று அறிவித்தது, ஒன்பதாம் நாள் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள், 23 நோயாளிகள், 12 மரணத்தோடு ஜூனில் முடிந்தது. வைரஸின் மரபணுவைப் பார்த்தபோது அது 2014 வைரஸிலிருந்து அதிகம் மாறவே இல்லை, அதாவது காட்டு விலங்கிலிருந்து புதிதாக வந்ததைவிட, அன்று பிழைத்த யாரோ ஒருவரின் உடலில் ஐந்து வருஷத்துக்கு மேல் ஒளிந்திருந்ததாகவே தெரிந்தது. விந்தணுத் திரவத்தில் பல மாதம் தங்கும் என்பது முன்பே தெரியும். 2014 நவம்பரில் லைபீரியாவிலிருந்து குணமாகி வந்த ஒருவரை டெல்லி விமான நிலையத்தில் தனியாக வைத்தது இதற்காகத்தான். ஆனால் ஐந்து வருஷம் யாரும் நினைக்காதது. குணமான சான்றிதழோடு ஊருக்குத் திரும்பி, வேலையும் வீடும் கிடைக்காமல் அலைந்து, ஒருவழியாக மற்றவர்களோடு கலந்துவிட்ட ஆயிரக்கணக்கானவர்களை இந்தச் செய்தி மறுபடி சந்தேகத்தோடு பார்க்கவைத்துவிடுமோ என்ற கவலை, ஆராய்ச்சி முடிவு வெளியான அன்றே அதைச் செய்தவர்களுக்கும் இருந்தது.